முன்பின் அறியாத சர்வர் அலர்ட்டைப் படிக்கும் முறை

திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்ட நிட்டிங் இயந்திரத்தின் அருகில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு அலர்ட் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 30 அங்குல விட்டமுள்ள சிங்கிள் ஜெர்சி இயந்திரத்தில் பொதுவாக நூல் ஊட்டும் 90 ஃபீடர்கள் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றில் நூல் அறுந்தால் அந்த ஃபீடரில் உள்ள சிறு விளக்கு எரியும், இயந்திரமும் தானாக நின்றுவிடும். ஓட்டுபவர் விளக்கைப் பார்த்து நேராக அந்த ஃபீடருக்குப் போய், நூலை முடிந்து, மீண்டும் ஓட்டிவிடுகிறார். அதே ஃபீடரில் சிறிது நேரத்துக்குள் மூன்றாவது முறையும் விளக்கு எரிந்தால், அவர் நூலை முடிவதோடு விட்டுவிடாமல் கோனை இறக்கிப் பார்க்கிறார், நூலின் இழுவிசையைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். விளக்குக்குத் தெரிந்தது "இங்கே நூல் இல்லை" என்பது மட்டுமே. ஏன் இல்லை என்பதை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்வர் கண்காணிப்பு மென்பொருள் அனுப்பும் அலர்ட்டும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் நிட்டிங் ஓட்டுபவருக்கு அந்த விளக்கு எந்தக் கம்பியின் அசைவால் எரிகிறது என்பது கைப்பழக்கத்திலேயே தெரியும். சர்வர் பொறுப்புக்குப் புதிதாக வந்தவருக்கோ, தமக்கு முன் வேலை பார்த்தவர் அமைத்துவிட்டுப் போன விளக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றில் பலவற்றின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கொங்குப் பகுதியின் நூற்பாலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் ஒருவரோ இருவரோ மட்டும் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம் என்பதால், நள்ளிரவில் அறிமுகமில்லாத அலர்ட் வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை, அந்த அலர்ட் எதை அளந்துவிட்டு அப்படிச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது. சரிசெய்யும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

எந்த மென்பொருளாக இருந்தாலும் அலர்ட் உருவாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏதோ ஒரு எண் குறிப்பிட்ட இடைவெளியில் அளக்கப்படுகிறது. அந்த எண் யாரோ ஒருவர் வைத்த வரம்பைத் தாண்டுகிறது. தாண்டிய நிலை சிறிது நேரம் நீடிக்கிறது. உடனே உங்கள் கைபேசிக்குச் செய்தி வருகிறது. 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் நாகியோஸ் என்று பெயர் மாறிய மென்பொருளில், சோதனை ஒருமுறை தோற்றால் அது 'சாஃப்ட்' நிலை. அமைப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை திரும்பத் திரும்பத் தோற்றால்தான் 'ஹார்ட்' நிலை, செய்தியும் அப்போதுதான் அனுப்பப்படும். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட ப்ரொமீதியஸில் இதே கருத்துக்கு 'பெண்டிங்', 'ஃபயரிங்' என்று பெயர். எனவே செய்தி உங்களிடம் வந்து சேரும்போதே பிரச்சினைக்குச் சில நிமிட வயது ஆகியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, லாக்கில் (சர்வர் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் பதிவில்) தேடும்போது அலர்ட் வந்த நேரத்துக்குச் சற்று முன்னாலிருந்தே தேடத் தொடங்க வேண்டும்.

நாகியோஸில் சோதனை செய்யும் சிறு நிரல் ஒவ்வொன்றும் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது: 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் அபாயம், 3 என்றால் 'அன்நோன்'. புதியவர்களை மிகவும் குழப்புவது இந்த மூன்றாம் எண்தான். "டிஸ்க்: அன்நோன்" என்று வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது, டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போன நிரலால் பார்க்க முடியவில்லை என்பதே அதன் பொருள். அந்த நிரலுக்கு அனுமதி இல்லாமல் போயிருக்கலாம், நேற்று யாரோ மென்பொருளைப் புதுப்பித்ததில் நிரலின் இடம் மாறியிருக்கலாம், சர்வரில் இருந்துகொண்டு அளவுகளை எடுத்துத் தரும் ஏஜென்ட் நிரல் நின்றிருக்கலாம். டிஸ்கைத் தேடிக்கொண்டு போவதைவிட அந்த நிரலை நாமே கையால் ஒருமுறை இயக்கிப் பார்த்தால், என்ன தடை என்பதை அதுவே ஒரு வரியில் சொல்லிவிடும்.

இதே வகையில் கண்காணிப்பு மென்பொருள் தன்னைப் பற்றியே பேசும் அலர்ட்டுகள் வேறு சிலவும் உண்டு. 'ஃப்ளாப்பிங்' என்று வந்தால், கடைசி 21 சோதனைகளில் நிலை அடிக்கடி மாறி மாறி வந்திருப்பதை நாகியோஸ் கவனித்திருக்கிறது என்று பொருள். ப்ரொமீதியஸ் அமைப்புகள் பலவற்றில் 'வாட்ச்டாக்' என்ற அலர்ட் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். அலர்ட் அனுப்பும் பாதை உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது, அது அணைந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதை அறியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை 'சரிசெய்து' நிறுத்திவிட்ட இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் எந்தத் தவறும் இல்லை. அந்த விளக்கின் பயனை யாரும் எழுதி வைக்காததுதான் தவறு.

அடுத்து, அலர்ட்டில் உள்ள நேரம். இதில் நான் இழந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், கணக்கு மென்பொருள் ஓடிய சர்வருக்கு இரண்டு டிஸ்குகளை இணைத்து, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 அமைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை கண்காணிப்புத் திரையின் பழைய பட்டியலைப் பார்த்தபோது, சனிக்கிழமை 19:40 மணிக்கு "டிஸ்க் பதில் தாமதம் அபாய நிலை" என்று ஓர் அலர்ட் பதிவாகி, சில மணி நேரத்துக்குப் பின் தானாகவே அடங்கியிருந்தது. பனியன் தொழிலில் வாரச் சம்பளம் என்பதால் சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியல் போடும் நேரம். சர்வர் திணறுவது இயல்புதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த மாதமும் இதேபோல் வந்தபோது சம்பள மென்பொருள் செய்து கொடுத்தவர்களைக் குறை சொன்னோம், அவர்களும் ஏதேதோ மாற்றிப் பார்த்தார்கள்.

மூன்றாம் மாதத்தில்தான், சம்பளம் வாரம் தவறாமல் போடப்படும்போது அலர்ட் மட்டும் ஏன் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்ற கேள்வி எழுந்தது. அதன் பிறகே திரையில் இருந்த 19:40 இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம் என்பதைக் கவனித்தேன். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், உண்மையில் அது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1:10. அந்த நேரத்தில் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. சம்பளப் பட்டியல் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் வைத்திருந்த டெபியன் லினக்ஸ் பதிப்பில், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு 12:57-க்கு ரெய்டு டிஸ்குகள் இரண்டிலும் உள்ள தரவு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று முழுவதுமாகப் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்கும். பெரிய டிஸ்க் என்றால் அது மணிக்கணக்கில் ஓடும். அந்த நேரத்தில் ரெய்டின் நிலையைக் காட்டும் 'எம்டிஸ்டாட்' கோப்பைச் சர்வரில் திறந்து பார்த்திருந்தால், 'செக்' என்ற சொல்லும் எத்தனை சதவீதம் முடிந்தது என்ற எண்ணும் அதிலேயே இருந்திருக்கும். அந்த வேலை கெடுதல் செய்வதல்ல, மிகவும் தேவையானது; படிக்க முடியாத பகுதி ஏதாவது டிஸ்கில் உருவாகியிருந்தால், இரண்டாவது டிஸ்க் நன்றாக இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துத் தருவது அதுதான். ஆகவே அதை நிறுத்தாமல், அதன் வேக உச்சவரம்பை மட்டும் குறைத்து வைத்தோம். தாமதம் வரம்புக்குள் வந்துவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பின் எந்த அலர்ட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அதில் உள்ள நேரம் எந்த ஊர் நேரம் என்பதுதான். உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு என்று அமைக்கப்பட்ட தினசரி வேலைகள் எல்லாம் நமக்குக் காலை 5:30-க்கு ஓடும். காலை ஐந்தரைக்குத் தொடர்ந்து வரும் ஏதாவது ஓர் அலர்ட் உங்களிடம் இருந்தால், உலகப் பொது நேரத்தில் இயங்கும் பேக்கப்பையோ அறிக்கை தயாரிப்பையோ முதலில் சந்தேகிக்கலாம்.

சனிக்கிழமைச் சம்பளத்தைக் குறிப்பிட்டதால், 'லோடு ஆவரேஜ்' என்ற எண்ணையும் அதைக் கொண்டே விளக்கிவிடலாம். சம்பளம் கொடுக்க நான்கு மேசைகள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்கு ஒருவராக நான்கு பேர் நின்றால் லோடு 4. மேசைகள் அத்தனையும் வேலையில் இருக்கின்றன, காத்திருப்பவர் யாரும் இல்லை. பன்னிரண்டு பேர் நின்றால் லோடு 12. எட்டுப் பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். ஆகவே லோடு 12 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. சர்வரில் மேசை என்பது சிபியுவின் கோர். நான்கு கோர் உள்ள சர்வரில் அது நெரிசல், பதினாறு கோர் உள்ள சர்வரில் அது ஓய்வான மாலை. செய்தியில் வரும் மூன்று எண்கள் கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கு உரியவை. முதல் எண் பெரிதாகவும் மூன்றாம் எண் சிறிதாகவும் இருந்தால் நெரிசல் இப்போதுதான் தொடங்குகிறது, தலைகீழாக இருந்தால் அது தீர்ந்துகொண்டிருக்கிறது.

லினக்ஸில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. வரிசையில் நிற்பவர்களோடு, "ஸ்டோருக்குப் போய் ரசீது வாங்கி வா" என்று அனுப்பப்பட்டுத் திரும்பி வராதவர்களையும் அது கணக்கில் சேர்க்கிறது. அதாவது, டிஸ்கிடம் தரவு கேட்டுவிட்டு இடையூறு செய்ய முடியாத தூக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களும் (ஓட்டத்தில் உள்ள நிரல்களும்) லோடில் எண்ணப்படும். இதனால்தான் லோடு 40 என்று அலர்ட் வந்து பதறிப்போய்ப் பார்க்கும்போது, சிபியு ஐந்து சதவீதம்கூட வேலை செய்யாமல் சும்மா இருக்கும் காட்சி சில நேரங்களில் கிடைக்கிறது. அப்போது தேட வேண்டிய இடம் சிபியு அல்ல; டிஸ்க், அல்லது நெட்வொர்க் வழியாக இணைக்கப்பட்ட சேமிப்பகம். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'டாப்' திரையில் நிலை என்ற பத்தியில் 'டி' என்ற எழுத்து உள்ள ப்ராசஸ்கள் எவை என்று பார்த்தால் அவை எதற்காகக் காத்திருக்கின்றன என்பது புலப்படத் தொடங்கும்.

டிஸ்க் நிறைந்தது என்ற அலர்ட் எல்லோருக்கும் புரியும் என்று நினைக்கிறோம். ஆனால் போய்ப் பார்க்கும்போது இடம் தாராளமாக இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐ-நோடு' என்ற ஒரு பதிவு தேவை. எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறையில், டிஸ்கை வடிவமைக்கும்போதே வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் இவை ஒதுக்கப்பட்டுவிடும். 100 ஜிபி பகுதிக்குச் சுமார் 65 லட்சம். அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு லேபிள்களை ஒவ்வொன்றும் ஒரு சிறு கோப்பாகச் சேமித்து, பழையவற்றை அழிக்காமலே விட்டுவிடும் மென்பொருள் இந்த எண்ணிக்கையை இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்த்துவிடக்கூடும். குடோனில் இடம் இருக்கிறது, ஆனால் சரக்குப் பதிவேட்டில் எழுதப் பக்கம் இல்லை என்ற நிலை அது. டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை 'ஐ' என்ற குறியோடு இயக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும்: டிஸ்க் நிறைந்திருப்பதாக டிஎஃப் சொல்கிறது, கோப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருக்கிறார்கள்; ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டாலும் அந்த ப்ராசஸ் கோப்பை மூடும்வரை இடம் விடுபடாது. 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை அத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸையும் காட்டும். மேலும், எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைப்பதால், 2 டிபி பகுதியில் ஏறத்தாழ 100 ஜிபி மற்றவர்களுக்குக் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற அலர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் டிஸ்க் தரவை வைத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். எனவே 'ஃப்ரீ' என்ற எண்ணை அளக்கும் அலர்ட் பெரும்பாலும் வீண் கவலை. 2014-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.14 பதிப்பு முதல் கிடைக்கும் 'அவெய்லபிள்' என்ற எண்ணை அளக்கும்படி அதை மாற்றி அமையுங்கள்.

ஒரே நேரத்தில் முப்பது நாற்பது அலர்ட்டுகள் வந்து குவியும்போது புதியவர்கள் முதல் செய்தியிலிருந்து வரிசையாகச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தனித்தனிச் செய்திகளைப் படிப்பதைவிட, அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது என்று பார்ப்பதே பயன் தரும்: ஒரே ஸ்விட்ச், ஒரே யுபிஎஸ், ஒரே கட்டடம், ஒரே மென்பொருள் பதிப்பு. 2012-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று, இந்திய நேரப்படி காலை 5:30-ஐ ஒட்டி, உலகின் பல இடங்களில் லினக்ஸ் சர்வர்களின் சிபியு திடீரென்று உச்சத்துக்குப் போயிற்று. உலகப் பொது நேரத்தில் அப்போது சேர்க்கப்பட்ட ஒரு லீப் நொடியை (கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் செய்யும் கூடுதல் நொடியை) கெர்னல் கையாண்ட விதத்தில் இருந்த பிழையே காரணம். ஒவ்வொரு சர்வரையும் தனி நோயாளியாகப் பார்த்திருந்தால் யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழை இடியோடு வரும் மாலைகளில் இத்தகைய குவியல் வருவதுண்டு. மின்சாரம் போனவுடன் யுபிஎஸ் கண்காணிப்பிலிருந்து 'ஓபி' என்ற குறியீடு வந்தால், பேட்டரியில் ஓடுகிறது என்று பொருள். 'எல்பி' என்றால் பேட்டரி தீரப்போகிறது. 'ஆர்பி' என்றால் பேட்டரியை மாற்ற வேண்டும். முதல் இரண்டும் அந்த மாலையோடு முடிந்துவிடும் என்பதால் மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் உண்மையில் நாள்கணக்கில் பின்தொடர்ந்து முடிக்க வேண்டியது அதுதான்.

இனி, ரீஸ்டார்ட் செய்யும் பழக்கத்தைப் பற்றி. தோட்டத்தில் போர்வெல் மோட்டார் நின்றுவிட்டால், விவரம் தெரிந்த விவசாயி உடனே பச்சைப் பொத்தானை அழுத்துவதில்லை. மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்கிறார், ரிலே ஏன் விழுந்தது என்று பார்க்கிறார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று யோசிக்கிறார். பார்க்காமல் திரும்பத் திரும்ப அழுத்தினால் காயில் எரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சர்வரில் காயில் எரிவதில்லை, ஆனால் சாட்சியம் அழிந்துவிடுகிறது. எந்த ப்ராசஸ் எவ்வளவு நினைவகம் பிடித்திருந்தது, எந்தக் கோப்பு திறந்திருந்தது என்பவை ரீஸ்டார்ட் செய்த நொடியில் போய்விடும். கெர்னல் சொன்ன செய்திகளும், அவற்றை டிஸ்கில் எழுதி வைக்கும் ஏற்பாடு இல்லாத இடங்களில், கூடவே போய்விடும். அடுத்த வாரம் அதே அலர்ட் வரும்போது நீங்கள் முதல் நாளில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். மேலாளர் அழைத்து, "ஏந்தம்பி, சர்வர் போயிருச்சா?" என்று கேட்கும்போது, "இல்லீங்கண்ணா, ரெண்டே நிமிசம் பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்று சொல்வதற்கு மனத்துணிவு வேண்டும்தான். அந்த இரண்டு நிமிடத்தில் டாப் திரை, டிஎஃப் விடை, கெர்னல் செய்திகளின் கடைசி நூறு வரிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை வேறொரு கணினிக்கு நகல் எடுத்துவிட்டால், அதன் பிறகு ரீஸ்டார்ட் செய்தாலும் இழப்பில்லை. உற்பத்தி நின்றுகொண்டிருக்கிறது என்றால் செய்தே ஆக வேண்டும். அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை.

காரணம் தெரிந்து, உடனே தீர்க்க முடியாத அலர்ட்டை அமைதிப்படுத்தி வைக்கலாம். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று முடிவு நேரம் குறிப்பிட்டே அதைச் செய்ய வேண்டும். நிரந்தரமாக அணைக்கப்பட்ட விளக்கை அடுத்து வருபவர் கெட்டுப்போன விளக்கு என்று அறியமாட்டார், எல்லாம் நலம் என்றே எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு புதிய அலர்ட்டையும் கண்டறிந்த அன்றே, அது எதை அளக்கிறது, வரம்பை யார் எதற்காக வைத்தார், கையால் எப்படிச் சரிபார்ப்பது என்று நான்கைந்து வரிகள் எழுதி, அலர்ட் செய்தியிலேயே அந்தக் குறிப்பின் முகவரி வரும்படி இணைத்து வையுங்கள். தமிழிலேயே எழுதலாம், இரவுப் பணியில் இருப்பவர் தடுமாறாமல் படிக்க அதுவே எளிது. எங்கள் குறிப்பேட்டில் அந்த ரெய்டு அலர்ட்டுக்கு உரிய பக்கம் இப்படித்தான் இருந்தது: "டிஸ்க் பதில் தாமதம். திரையில் காட்டுவது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டிப் பார்க்கவும். மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை என்றால் எம்டிஸ்டாட் கோப்பைப் பார்க்கவும். 'செக்' என்று இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், காலைக்குள் முடிந்துவிடும். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யு' இருக்க வேண்டும். ஒரு 'யு' இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் போய்விட்டது, எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடவும். சர்வரை அணைக்க வேண்டாம்."